வந்து கூப்பிடட்டும்

என் கணவருக்கு அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது ரொறன்ரோவுக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளில். டவுன்டவுனில் ஓர் இத்தாலிய உணவகத்துக் குசினியில் அவருக்குச் சமையல் வேலை. பக்கத்து அலுவலகங்களின் கந்தோர்க்காரரை நம்பி நடந்த கடை என்பதால் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லைக்கு அந்தப்பக்கத்துச் சனலைப் போட்டுக்கொண்டு சோபாவில் சரிந்துவிடுவார். முட்டை மாதிரி ஒரு பந்துக்காக ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவதில் அப்படி என்ன கண்டறியாத சுகம் என்று எனக்கு விளங்கியதேயில்லை.

ஒரு வருடம், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெயர்பெற்ற ஓட்டக்காரன் ஒருவன் ஒப்பந்தத்தைத் திருத்தித் தராவிட்டால் விளையாட வரமாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டான். பயிற்சி தொடங்கியும் போகவில்லை, ஆட்டங்கள் தொடங்கியும் போகவில்லை. அணி தோற்றது. கடைசியில் அதன் முதலாளி இறங்கிவந்து கேட்டதைக் கொடுத்தார். என் கணவர் சொந்தத் தம்பிக்கே வேலை கிடைத்ததுபோலப் பூரித்துப்போனார்.

"பாத்தீரோ? வேலை தெரிஞ்சவன் வீட்டில இருந்தாக் காணும். தேடி வருவாங்கள்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குள் ஏற்கெனவே ஒரு புகைச்சல் இருந்தது எனக்குத் தெரிந்திருந்தும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவில்லை. பழைய ஷெஃப் போனதும் அந்த இடம் உனக்குத்தான் என்று உணவக முதலாளி சொல்லிவைத்திருந்தார். கிழவர் போய் மாதக்கணக்காகியும் பேச்சுமூச்சில்லை. சோஸ் வைப்பதும் இறைச்சி வாட்டுவதும் புதியவர்களுக்குப் பழக்குவதும் இவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை, ஷெஃப் ஆக்கினால் வருகிறேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

திங்கட்கிழமை காலையிலேயே சவரம் செய்து, அயர்ன் பண்ணிய சேட்டோடு முன்னறையில் இருந்தார். முதலாளி வருவாராம். வந்தால் கொடுக்க ரோல்ஸ் பொரித்துவைக்கட்டாம். பொரித்தேன். அன்றைக்கும் மறுநாளும் பிள்ளைகள்தான் தின்று தீர்த்தார்கள்; நான் திரும்பவும் பொரித்தேன்.

இது எங்கிருந்து வந்த புத்தி என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களின் கலியாணங்களில் ஒரு மாமனாவது கோபித்துக்கொண்டு வீட்டில் நிற்பார். கார்ட் அனுப்பினால் போதாது, ஆள் அனுப்பினாலும் போதாது. பெண்ணின் தகப்பனே நேரில் போய், பேச்சு வாங்கி, தேத்தண்ணி குடித்து, கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். என்னுடைய கலியாணத்தில் பெரியமாமா பட்டுவேட்டி கட்டி, திருநீறும் பூசி, ஆயத்தமாக இருந்துகொண்டுதான் வரமாட்டேன் என்றவர். அந்த ஓட்டக்காரனையும் என் கணவர் அப்படியொரு மாமனாகத்தான் விளங்கிவைத்திருந்தார். அவனுக்காக ஒரு ஏஜென்ட் ஓயாமல் பேரம் பேசிக்கொண்டிருந்ததை ரீவி சொன்னபோது இவர் என்னிடம் தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

வியாழக்கிழமை பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். இவர் எழும்பிச் சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வந்தவர் அதே குசினியில் சலாட் வெட்டுகிற எங்கள் ஆள் ஒருவர். மோர்னிங்சைட்டில் இருப்பவர், இவரைவிட வயதில் மூத்தவர்.

"முதலாளி உம்மை வரட்டாம். ஷெஃப் விசயம் கதைக்கலாமாம். நாளைக்கே வாரும்."

"அவர் வரேல்லையோ, அண்ணை?"

"அவர் வந்தா அடுப்பை ஆர் பாக்கிறது? அவர்தான் நிண்டு சமைக்கிறார்."

"ஆள் அனுப்பினா ஓடிவர நான் என்ன எடுபிடியோ? வந்து கூப்பிடட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, இதுவும் கூப்பிடுறதுதானே. போயிட்டு வாங்கோவன்."

"நீர் பேசாமல் இரும். மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

அண்ணை ரோல்ஸ் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார். எங்களுக்கும் ஒரு ஏஜென்ட் வந்து போனார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த கிழமை கடையில் வேறொருவர் ஷெஃப். என் கணவர் மார்க்கம் நகரில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். வீட்டிலும் அடுப்படிப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரீவியும் போடுவதில்லை. அந்தச் சத்தத்துக்காக ஒருநாள் ஏங்குவேன் என்று நான் நினைத்தும் பார்த்ததில்லை. எப்பேர்ப்பட்ட கை அது. வீணாய்ப் போனதே என்று இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, சாமான் வாங்கப் போன கடையில் அந்தப் பழைய முதலாளி எதிரே வந்தார். தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்து இவரைக் கட்டிப்பிடித்தார். ஏன் வராமல் விட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கள் வரவில்லையே" என்றார் இவர்.

"எங்கே?"

"என் வீட்டுக்கு."

முதலாளி குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார்: "உன் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாதே. போன் எடுத்தேன், அந்த நம்பர் வேலை செய்யவில்லை. அதனால்தான் உன் கூட்டாளியை அனுப்பினேன்."

இவர் வேலையை விட்ட அந்த வருடக் கோடையில்தான் நாங்கள் வீடு மாறியிருந்தோம். புது நம்பரைக் கடையில் கொடுக்க இவர் மறந்தேபோயிருந்தார்.

இவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, ரூஜ் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எந்த வீதியால் வரவேண்டும், எந்தச் சிக்னலில் திரும்பவேண்டும், கதவிலக்கம் என்ன என்று அந்த மனிதருக்கு ஆறுதலாக, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.