பந்து என் பக்கம்

பெண் பார்க்க வருகிறவர்கள் "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்று கிளம்புவதும், பெண் வீட்டார் பதிலுக்குக் காத்திருப்பதும் கடலூரில் எங்கள் குடும்பத்து வழக்கம். சிதம்பரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தவரோ அன்று மாலையே, "தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்று கைபேசியில் செய்தி அனுப்பினார். பந்து யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் அடுத்து அடிக்க வேண்டும்; முடிவு இனி உங்களுடையது என்று பொருள். என் அலுவலகத்தில் பொறுப்பைத் தள்ளிவிடுவதற்கே இதைச் சொல்வார்கள். அவர் அதை எனக்கு உரிமையாகக் கொடுத்திருந்தார்.

"அப்ப நான் மாப்பிள்ளை பாக்க வரலாமா?" என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவோடு சிதம்பரம் போனேன். அவருடைய அம்மா பஜ்ஜித் தட்டை மகன் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

"எந்தம்பி நல்லா பாடுவான், பாடச் சொல்லட்டா?" என்று அவருடைய அக்கா சீண்ட, வீடே சிரித்தது.

விடைபெறும்போது, "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறுவதற்குள் எனக்கே பொறுக்கவில்லை. அவரைக் கைபேசியில் அழைத்து, "எனக்குப் புடிச்சிருக்குங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்த அப்பா, "ஊரு இன்னும் வரலியேம்மா" என்று சிரித்தார்.