உத்திரட்டாதியில் பிறந்த சென்டர்

ஐம்பத்து நான்கு வயதில், வீடு முழுக்கப் புத்தகம் அடுக்கி வைத்துக்கொண்டு, ஆறடி பத்தங்குல உயர அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரன் ஒருவன் பெயரில் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் பத்து வாரம் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் உத்திரட்டாதி, மீன ராசி. கோத்திரம் தெரியாதவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் சிவகோத்திரம்.

நட்சத்திரத்தை நானே கணித்தேன் என்பது இன்னும் வெட்கக்கேடு. அணியின் இணையப் பக்கத்தில் பிறந்த தேதி இருந்தது, நேரம் இல்லை. நண்பகல் என்று வைத்துக்கொண்டேன். அவ்வளவு நீளமான பிள்ளை விடியற்காலையில் அவசரப்பட்டு வெளியே வந்திருக்காது. அமெரிக்காவுக்கும் நமக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக்கூட மறக்காமல் சரிக்கட்டினேன். ஆட்ட நாள்களில் அவனுக்குச் சந்திராஷ்டமமா என்று நாள்காட்டியைப் பார்த்தேன். சந்திராஷ்டமத்தன்று ஒருமுறை அவன் பிரமாதமாக ஆடித் தொலைத்தபோது, அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன்.

இது தொடங்கியது ஸ்ரீ கெம்பாங்கானில். இருபத்தாறு வருடம் உழைத்த காப்புறுதி நிறுவனம் எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்திருந்தது. விருப்பம் அவர்களுடையது. வேறு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கேள்வி கேட்ட பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "அங்கிள், உங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் ரொம்ப ஜாஸ்தி லா" என்று அன்பாக அனுப்பி வைத்தாள். வெளியே மழை. எதிரே ஓர் உள்ளரங்கக் கூடைப்பந்து கோர்ட். ஒதுங்குவதற்காக டிக்கெட் வாங்கினேன்.

உள்ளே சிங்கப்பூர், பேங்காக், மணிலா என்று வட்டாரத்து அணிகளோடு மோதும் நம் ஊர் அணி தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் நான் என்னைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை. வேலை போன ஏழு மாதத்தில் அப்படி இரண்டு மணி நேரம் எனக்கு வாய்த்ததே இல்லை. அதன்பின் உள்ளூரில் நடந்த எந்த ஆட்டத்தையும் விடவில்லை.

கூடைக்கு அடியில் நின்று முட்டி மோதுகிறவனை சென்டர் என்பார்கள். எங்கள் சென்டர், அந்த அமெரிக்கன், வலது முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, படியேறும் கிழவனைப் போல ஓடுவான். ஆனாலும் அவனை இன்னும் யாரோ வேலைக்கு வைத்திருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பக்கத்து இருக்கையில் சாலாக் செலாத்தானிலிருந்து வரும் சீனக் கிழவர், பழைய இரும்புக்கடைக்காரர். ஒருநாள் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிச் சொன்னார்: "பாஸ், நோ செமி ஃபைனல், நோ டீம். தவுக்கே டயர்ட் ஆல்ரெடி."

அரையிறுதிக்குப் போகாவிட்டால் முதலாளி அணியையே மூடிவிடுவார். மறுநாள் காலை நான் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நின்றேன்.

"யாருக்குண்ணே?" என்றார் சீட்டு எழுதும் அக்கா.

"தெரிஞ்ச பையன். வேலை நிலைக்கணும்."

அவர் பரிதாபத்தோடு எழுதினார். குருக்கள் அந்தப் பெயரை மூன்று தவணையாக உடைத்துச் சொன்னார். அதன்பின் வாராவாரம் அக்கா கேட்பார்: "பையன் வேலை எப்படிண்ணே இருக்கு?"

"இழுத்துக்கிட்டு இருக்குக்கா."

என் மனைவி கிள்ளானில் ஆசிரியை. விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவள். "வேலைக்கு அப்ளை பண்ணுங்கன்னா, கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் அலையறீங்க. கேக்கறவங்க ஏதோ கேஸ்ல மாட்டிக்கிட்டாருன்னு நினைப்பாங்க" என்றாள். அன்று காலையும் ஒரு நிராகரிப்பு மின்னஞ்சல் வந்திருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை.

கடைசி ஆட்டம் மணிலா அணியோடு. வென்றால் அரையிறுதி. சில விநாடிகள் மிச்சம், ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். எங்கள் சென்டரை எவனோ இடித்துத் தள்ளியதால் அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. யாரும் தடுக்க மாட்டார்கள், நின்று நிதானமாகப் போடலாம். சட்டைப் பையில் அன்று காலை வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது. இரண்டாவது வளையத்தைத் தொடவேயில்லை.

சீனக் கிழவர் வேர்க்கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். "ஓகே லா, பாஸ்" என்றார். படியிறங்கிப் போய்விட்டார். அவர் பெயரை நான் கேட்டதேயில்லை.

அரங்கின் பின்வாசல் படியில் சென்டர் தனியாக உட்கார்ந்திருந்தான், முட்டியில் ஐஸ் பை, காருக்காகக் காத்துக்கொண்டு. பொட்டலத்தை அவனிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: பிறந்த தேதி, நட்சத்திரம், பத்து வாரம். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது இன்னும் பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

அவன் சிரிக்கவில்லை. அந்தத் தேதி ஏஜென்ட் போட்டது என்றான். முப்பத்து மூன்று என்றால்தான் ஆசியாவில் எடுக்கிறார்களாம். உண்மையில் முப்பத்தேழு. மாதமும் வேறு. தன்னால் பூஜை ஏதும் கெட்டுவிட்டதா என்று கவலையோடு கேட்டான். இல்லை என்றேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தான்.

"பிட்வீன் ஜாப்ஸ்," என்றேன்.

"மீ டூ, மேன்."

கார் வந்தது. கால்களை மடக்கி உள்ளே திணிக்க அவனுக்கு வெகுநேரமாயிற்று. திருநீற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தொலைபேசி எண் கேட்டிருக்கலாம். கேட்டு என்ன செய்வது, இருவருமாக விண்ணப்பம் எழுதுவதா?

ஒரு வாரத்தில் அணியைக் கலைத்தார்கள். அரங்கை பேட்மிண்டனுக்கு வாடகைக்கு விட்டார்கள். எனக்கு மாலைகள் மறுபடியும் நீண்டுவிட்டன. அவற்றில் நான் மட்டும் இருந்தேன். வெள்ளிக்கிழமை கால்கள் பழக்கதோஷத்தில் கோயிலுக்குப் போயின. அக்கா சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, "பையன் வேலை என்னாச்சுண்ணே?" என்றார்.

போய்விட்டது என்றேன். பிறகு, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்ததால், அவன் யார், தேதி பொய், எனக்கும் வேலை இல்லை என்று அத்தனையையும் கொட்டினேன். பின்னால் வரிசை நீண்டது. அக்கா பேனா மூடியைத் திருகி மூடினார்.

"பத்து வாரத்துல ஒரு வாரமாச்சும் உங்க பேர்ல போட்டிருக்கலாம்லண்ணே? உங்க நட்சத்திரமாச்சும் கரெக்டா தெரியும் லா."