மூக்கன் தட்டிப் பார்த்த கட்டை

ரொட்டிக்கடையில் எல்லாரும் அவனை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிதாக இருந்து வந்த பெயர் இல்லை; அது சப்பை மூக்கு. வண்டியில் வரும் விறகில் ஒரு சிராயைக் கிள்ளி முகர்ந்தால் அந்த மரம் எங்கே கிடந்தது என்று சொல்லிவிடுவான். "மண்ணெண்ணெய் டின் பக்கத்துல அடுக்கியிருந்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டு விறகுக்காரரைத் திருதிருவென்று விழிக்க வைத்தான். பெயர் அன்றைக்கு ஒட்டியது.

அதே கடையில் மாவு பிசைகிற அவன் அக்காவுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் உச்சி குளிரும். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கிய தம்பி. இப்போது அவன் தலையாட்டினால்தான் வண்டியிலிருந்து கட்டை இறங்கும்.

அந்த அடுப்பில் நெருப்புக்கென்று தனி இடம் கிடையாது. ரொட்டி வேகிற அதே செங்கல் தளத்தில்தான் விறகும் எரியும். எரிந்து தணலானதும் வாரி வெளியே தள்ளிவிட்டு, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, அந்தச் சூட்டிலேயே ரொட்டியை வைப்பார்கள். விறகில் இருப்பது ரொட்டிக்கும் வந்து சேரும். பிசின் மரம் என்றால் கரி படியும். பச்சை மரம் என்றால் நுனியில் நுரை தள்ளிக்கொண்டு புகையுமே தவிர சூடு ஏறாது. பெயின்ட் அடித்த மரம் ஆகவே ஆகாது. மூக்கன் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவான். காய்ந்தது 'டங்' என்று பேசும். ஈரம் 'தொப்'பென்று ஊமையாகக் கிடக்கும். காது சரி என்றால் அடுத்தது மூக்கு. இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் தலையாட்டுவான்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து போனது. போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்கா வீட்டுக்கு ஒருநாள் வந்தவன், அடுப்பில் பால் பொங்கிக் கருகி வீடே நாறிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். துணி உலர்த்திவிட்டு ஓடிவந்த அக்கா பாத்திரத்தை இறக்கினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாடா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"முதலாளிக்கு?"

"தெரிஞ்சா என்னை எதுக்குக்கா வெச்சிருக்கப் போறாரு? மூக்கில்லாத மூக்கனை?" என்று சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு வண்டி வரும்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் தவிக்கும். மாவுக் கையோடு விறகுக் கொட்டகைக்கு வந்து, பானையில் மொண்டு குடித்துவிட்டு, வண்டியை ஒட்டியே நடந்து திரும்புவாள். மரத்தில் கோளாறு என்றால் ஒரு இருமல். இல்லாவிட்டால் பேசாமல் போய்விடுவாள். மூக்கன் சிராயை முகர்வது போல முகர்ந்து, இருமலுக்குத் தகுந்தபடி தலையை ஆட்டுவான். "உங்க அக்காவுக்கு என்ன, வயித்துக்குள்ள கிணறா தோண்டியிருக்கு?" என்பார் விறகுக்காரர். நாள் ஓடியது.

அக்காவின் மாமியார் தவறிப்போன அன்றுதான் அந்த வண்டி வந்தது. அடை மழையில் வேறு வண்டி எதுவும் வராமல் கொட்டகை காலி, அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது. வந்தவை இடித்த வீட்டின் உத்திரங்கள். இழைத்துத் துண்டு போட்டிருந்தார்கள். பெயின்ட் ஒரு பொட்டுக்கூட இல்லை. மூக்கன் தட்டினான். வெண்கல மணி மாதிரி நாதம். இப்படி ஒரு கட்டையை அவன் கேட்டதே இல்லை. நாளைக்கு இறக்கலாம் என்று சொல்ல வாய் எடுத்தான். ஏன் என்று கேட்டால் சொல்ல அவனிடம் காரணம் இல்லை.

"என்னடா, கட்டையைக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா? இறக்கு!" என்று கத்தினார் முதலாளி.

மூக்கன் சிராயைக் கிள்ளி முகர்ந்தான். தலையாட்டினான்.

மறுநாள் காலை துக்க வீட்டிலிருந்து நேராக வேலைக்கு வந்த அக்கா, கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். வெந்த ரொட்டியின் மணத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. கரையான் மருந்து. வீடு கட்டியவர்கள் உத்திரத்தை அதில் ஊறப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். இழைத்ததில் மேலே இருந்த மருந்து போய், உள்ளே இறங்கியது அப்படியே இருந்திருக்கிறது. அடுப்படியிலேயே புழங்குகிறவர்களுக்குப் புகையில் அது பிரித்துத் தெரியவில்லை.

அவள் தம்பியைக் கொட்டகைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். அவன் ஒரு கட்டையை முகத்தோடு வைத்து அழுத்தி மூச்சை இழுத்தான். திரும்பவும் இழுத்தான்.

"நான் கண்டுபிடிச்சேன்னு சொல்றேன். நீ வாயைத் திறக்காதே" என்றாள் அக்கா.

"நான் எப்படி விட்டேன்னு கேப்பாங்கள்ல?"

அவன் நேரே கடைக்குள் போய், தட்டுகளுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றான். "ரொட்டியை யாருக்கும் குடுக்காதீங்க. கட்டையில மருந்து. எனக்கு வாசனை போய் ரொம்ப நாளாச்சு."

முதலாளி முதலில் சிரித்தார். "மூக்கனுக்கு மூக்கு இல்லையாம், கேட்டீங்களா?" பக்கத்தில் யாரும் சிரிக்காததைப் பார்த்துத்தான் அவர் முகம் மாறியது. கடையில் இருந்ததைக் குழியில் கொட்டினார்கள். பிள்ளைகள் விடுதிக்குப் போன கூடை மட்டும் விடிவதற்கு முன்பே போய்விட்டிருந்தது. மூக்கன் ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது கூடை காலி.

பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அநேகமாக எல்லாரும் தேறினார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூக்கன் தினமும் போய் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிற்பான். உள்ளே போனதில்லை. அந்தக் குழந்தை பிழைத்தது. ஆனால் பழைய நடை வரவில்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து வெளியே வந்தபோது மூக்கன் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

தளத்தையும் சுவரையும் பெயர்த்துப் புதுச் செங்கல் வைத்து அடுப்பைக் கட்டினார்கள். முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "வாசல்லயே கண்டுபிடிச்சியாமே. இனிமே விறகு நீ பாரு. அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

அவள் தம்பி வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"எனக்கு வேணாம்டா. உன் இடம்."

"என் இடத்துல வேற யாரோ நிக்கிறதுக்குப் பதிலா நீ நில்லு" என்றான் திரும்பாமலே. "மூக்கு மட்டும் போதாது. தட்டிக் கேக்கணும்."

"எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது."

அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

முதல் வண்டி வந்தது. முதலாளி இடுப்பில் கை வைத்து நின்றார். அக்கா முகர்ந்தாள், சுத்தமான மரம். பிறகு இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினாள். தட்டிவிட்டு, அது பேசியதா ஊமையா என்று விளங்காமல் நின்றாள். அடுத்த கட்டையைத் தட்டினாள். மதிலுக்கு வெளியே, தெருவில், யாரோ இருமினார்கள்.

அவள் அந்தக் கட்டையைத் தனியே போட்டாள். இன்னொன்றைத் தட்டினாள். இருமல் இல்லை. அதற்கடுத்ததற்கு மறுபடியும் வந்தது.

"யாரது வெளியே லொக்கு லொக்குன்னு?" என்றார் முதலாளி.

அக்கா குனிந்து அடுத்த கட்டையை எடுத்தாள்.

"யாரோ தெருவுல போறவங்க, முதலாளி" என்றாள்.