எங்கள் வீட்டில் துவக்கு இல்லை

என் கணவர் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவர். கூட வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவர் ஒரு இலையுதிர்காலத்தில் அவரை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார். போய்வந்த மனுசன் வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், துவக்கு உரிமத்துக்கு விண்ணப்பித்தார். மனைவியும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று படிவம் வந்தது. மூன்று நாள் வைக்காமல் இழுத்தடித்து, பிறகுதான் வைத்தேன்.

“துவக்குக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த மனுசன், இஞ்சை காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போகுது” என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை. உரிமம் வந்ததும் அந்தக் கார்டை எல்லோருக்கும் காட்டினார். குடியுரிமைப் பத்திரத்தைக்கூட அவர் அப்படிக் காட்டியதில்லை.

துவக்கு, வில்லரே பகுதியிலுள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்டில், இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிக்கு ஒரு பூட்டு, துவக்கின் விசைக்கு இன்னொரு பூட்டு, குண்டுகள் வேறு பெட்டியில். எல்லாம் சட்டப்படி. எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. ஆனால் அவர் கொண்டுவந்த மான் இறைச்சியை நல்ல உறைப்பாகக் காய்ச்சி நானும் சாப்பிட்டேன்தான், அதை ஒளிக்கமாட்டேன்.

பிறகு ஒரு கோடையில், ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் தெருவில் கார்களின் கதவுவரை தண்ணீர். பேஸ்மென்டின் தரையில் இருந்த வடிகாலால் ஊத்தைத் தண்ணீர் பொங்கி மேலே வந்தது. நான் தனியாக நின்று வாளியால் அள்ளினேன். கடலை அள்ளுகிற மாதிரி என்று விளங்கியும் அள்ளிக்கொண்டே இருந்தேன், கை சும்மா இருக்க மறுத்தது.

தீயணைப்புப் படை வந்தது. மின்சாரப் பெட்டியும் பேஸ்மென்டில்தான் இருக்கிறது, உடனே வெளிக்கிடுங்கள் என்றாள் அவர்களில் ஒரு பெண். நான் செருப்பைத் தேடும்போது கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டாள், “கீழே காஸ் சிலிண்டர், துவக்கு ஏதாவது இருக்கிறதா, மேடம்?”

“இல்லை” என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

எனக்குப் பதினாறு வயதில், ஊரில், சீருடை போட்ட ஒருவன் எங்கள் வீட்டு வாசலில் நின்று இதே கேள்வியைக் கேட்டான். கிணற்றடிக் கொட்டிலில் குருவி சுடுகிற பழைய துவக்கு ஒன்று கிடக்கிறது என்று என் அண்ணா உண்மையைச் சொன்னார். வந்து காட்டு என்று உள்ளே கூட்டிப்போனார்கள். நாங்கள் முன்வாசலில் காத்துக்கொண்டு நின்றோம். அவரைப் பின்பக்கத்தால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வரவே இல்லை.

வெள்ளத்துக்கு வெளிக்கிட்ட எங்கள் தெருச் சனம் முழுவதையும் தீயணைப்புப் படை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருத்தியது. வேலையிலிருந்து அங்கே வந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“நீர் என்ன சொன்னனீர்?”

“இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். கதிரையில் இருந்து நனைந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “எனக்காகத்தான் சொன்னனீர், தெரியும். ஆனா நான் ஒருநாளும் ஒளிக்காத சாமானை இப்ப ஒளிச்ச சாமானாக்கிப் போட்டீர். பேந்து தண்ணி இறைக்கிற ஆக்கள் கண்டாங்கள் எண்டா, என்னைக் கள்ளன் எண்டுதானே நினைப்பாங்கள்? உரிமமும் போயிடும்.”

தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். “அக்கா, பேசாமல் இருங்கோ. அந்தச் சனியன் கறள் பிடிச்சுப் போகட்டும்” என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் வாயால் கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது. மண்டபத்துக்குள் மேலும் கீழும் நடந்தேன். பிறகு, “எழும்புங்கோ, போவம். நானே சொல்லுறன்” என்றேன்.

தெருமுனையில் மஞ்சள் நாடா கட்டி, பொலிஸ் கார் நின்றது. மழை விட்டிருந்தது. இளம் பொலிஸ்காரர் ஒருவரிடம், குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்து பழகிய என் பிரெஞ்சில் சொன்னேன். துவக்கு இருக்கிறது, சட்டப்படியானது, இல்லையென்று பொய் சொன்னது நான், இவரில்லை.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்.

“பயத்தில்” என்றேன்.

கணவர் கார்டை நீட்டினார். துவக்கை ஸ்டேஷனில் வைத்திருக்கிறோம், பிறகு வந்து எடுங்கள் என்றார் பொலிஸ்காரர். குடுத்துத் துலையுங்கோ என்று கணவரின் கையைக் கிள்ளினேன். அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டு, “இல்லை, மிஸியூ” என்று பொலிஸ்காரரிடம் சொன்னார். தன்னை வேட்டைக்குக் கூட்டிப்போன சிநேகிதரைக் கூப்பிட்டாயிற்று, வந்துகொண்டிருக்கிறார், அவரிடமும் உரிமம் இருக்கிறது, பூட்டிவைக்க அலுமாரி இருக்கிறது, சட்டப்படி அங்கே வைக்கலாம், வீடு வெள்ளத்தில் போனால் தன் உரிமையுமா போகவேண்டும் என்று கேட்டார். சீருடைக்காரர் ஒருவரிடம் அவர் இல்லை என்று சொன்னதை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பொலிஸ்காரர் காருக்குள் ஏறி ரேடியோவில் கதைத்தார். வெகுநேரம் கதைத்தார். வேட்டைக்காரச் சிநேகிதர் வந்து தன் கார்டையும் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சிகரெட் பற்றவைத்தார். நான் மேப்பிள் மரம்வரை நடப்பதும் திரும்புவதுமாக இருந்தேன்.

கடைசியில் பொலிஸ்காரர் இறங்கி வந்தார். “எல்லாம் சரி. மின்சாரத்தையும் நிறுத்தியாயிற்று. வாருங்கள், எங்கே இருக்கிறதென்று காட்டுங்கள்” என்று கணவரை வீட்டுக்குள் கூட்டிப்போனார்.

நான் முன்வாசலில் நிற்கவில்லை. வீட்டைச் சுற்றி, பின்னொழுங்கைக்குள் சேறும் சகதியும் பார்க்காமல் ஓடினேன். பேஸ்மென்டிலிருந்து பின்பக்கம் ஏறுகிற சீமெந்துப் படிக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே தண்ணீர் சளசளக்கும் சத்தம். சாவி திரும்பும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. பொலிஸ்காரர் முதலில் வந்தார். படியில் பின்பக்கமாக ஏறிக்கொண்டு, கீழே டோர்ச் அடித்துப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் என் கணவர், முழங்கால்வரை நனைந்து, நீளப் பெட்டியைத் தன் கையிலேயே தூக்கிக்கொண்டு ஏறிவந்தார்.

எனக்கு அழுகை வெடித்தது. நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். பொலிஸ்காரர் பதறிப்போய் என்னிடம் குனிந்தார்.

“அழாதீர்கள் மேடம்” என்றார். “துவக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.”