சாத்திய ஜன்னல்

கணவருக்கு அந்தமானில் வேலை கிடைத்ததால் வடசென்னை எர்ணாவூரை விட்டுக் கப்பலேறி வந்தோம். புது வீட்டில் சாமான்களை அடுக்கி, மதியம் அலுத்துப்போய்ப் படுத்தேன். குப்பென்று ஒரு நாற்றம். எங்கள் ஊரில் சுற்றியுள்ள கெமிக்கல் கம்பெனிகளிலிருந்து நாற்றம் அடித்தால் உடனே ஜன்னலைச் சாத்துவோம். அதேபோல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத் தூங்கிப்போனேன்.

வேலை முடிந்து வந்த கணவர் கதவைத் திறந்ததும் கத்தினார்.

"இன்னாம்மே இது நாத்தம்?"

"கம்பெனி நாத்தம்யா. கத்தாதே, தலை வலிக்குது."

"இங்க கம்பெனி எங்கம்மே கீது?"

அடுப்பு டியூப்பைச் சரியாக மாட்டாததால் கேஸ் கசிந்திருக்கிறது. காலையிலிருந்து நான் திட்டித் தீர்த்த கரண்ட் கட்தான், எந்த சுவிட்சிலும் பொறி பறக்காமல் எங்களைக் காப்பாற்றியது.

இப்போது நாற்றம் வந்தால் முதலில் ஜன்னலைத் திறக்கிறேன். எர்ணாவூரில் அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் பழையபடி சாத்திக்கொள்கிறேன்.