இரண்டு மாத இடைவெளி

பெரியப்பா எங்கள் வீட்டில் இருக்கலாம். ஆனால் ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது இந்தச் சட்டம் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். அவர் மலேசியக் குடிமகன். பிறந்தது என்னவோ அச்சங்குளத்தில், நாங்கள் குடியிருந்த அதே வீட்டில்தான்.

பன்னிரண்டு வயதில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அவரைக் கப்பலேற்றிக் கூட்டிப்போனார். காகிதத்தில் தன் மகன் என்று எழுதிக்கொண்டார். அப்படி எழுதினால்தான் கூட்டிப்போக முடியுமாம். அங்கே லாரி ஓட்டி, குடியுரிமை வாங்கி, ஓய்வு பெற்று, பெரியம்மாவும் இறந்த பிறகு, மிச்சக் காலத்தைத் தங்கையோடு கழிக்கலாம் என்று ஊர் திரும்பினார். தங்கை என்றால் என் அத்தை. புருஷனை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்துகொண்டு பட்டாசுக் கம்பெனிக்குச் சரவெடி பின்னப் போய்க்கொண்டிருந்தார்.

வேலை விட்டு வரும்போது அத்தையின் கைகள் முழங்கை வரை சாம்பல் பூத்திருக்கும். பெரியப்பா வெந்நீர் போட்டுத் தயாராக வைத்திருப்பார். ஆம்பிளை அடுப்பூதுகிறார் என்று தெருப் பெண்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

"வேலைய விட்டுருத்தா. என் பென்ஷன் ரெண்டு பேருக்கும் காணும்" என்பார்.

"நீ ஆறு மாசத்துக்கு ஒருக்கா பெட்டியத் தூக்கிருவ. இடையில உன்னைய உள்ள விடமாட்டேன்னுட்டா நான் எங்கன போய் நிக்க?" என்பார் அத்தை. விளையாட்டாகத்தான் சொல்வார்.

ஆறு மாதம் முடிந்ததும் பெரியப்பா திருச்சியில் விமானம் ஏறுவார். அங்கே மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவார். கடவுச்சீட்டில் புதிதாக ஒரு முத்திரை விழும். இன்னொரு ஆறு மாதம் கிடைக்கும். அந்த ஆண்டும் கார்த்திகை கழிந்து அப்படித்தான் போனார்.

அவரை அழைத்துவர அப்பாவும் நானும் திருச்சிக்குப் போனோம். விமானத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கூட்டம் கரைந்து, வண்டிகளும் போய்விட்டன. பெரியப்பாவைக் காணோம். வெகுநேரம் கழித்து ஊழியர் ஒருவர் வந்து அப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார்.

"உங்க அண்ணனத் திருப்பி அனுப்பிட்டாங்க சார். புது ரூல் வந்திருக்கு. ஒருதடவை வெளிய போனா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் திரும்ப உள்ள வரலாம்."

வந்த விமானத்திலேயே அவர் திரும்பிப் போயிருந்தார். ஊர் வந்து சேரும்வரை அப்பா, "ரெண்டு மாசந்தானே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.  அத்தை மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த வாரத்தில் அத்தை வேலை செய்த அறைக்குப் பக்கத்து அறையில் வெடிமருந்து தீப்பிடித்தது. அத்தையை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அப்பா உடனே பெரியப்பாவுக்குப் போன் போட்டார்.

அவசரம் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே வரத் தனி அனுமதி உண்டாம். பெரியப்பா அங்கே அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். அடிபட்டவர் உங்கள் தங்கை என்பதற்கு ஒரு காகிதம் கொடுங்கள், பார்க்கலாம் என்றாராம். பெரியப்பாவின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயராக இருந்தது அவரைக் கூட்டிப்போன சொந்தக்காரரின் பெயர். அத்தையின் அட்டைகளில் வேறொன்று. அவர் கையில் இருந்தது அத்தையின் கல்யாணப் படம் மட்டும்தான். அந்தப் படத்தில் அவர் இல்லை.

என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் மூன்றாம் நாள் அம்மா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கதவுக்கு வெளியே நின்றேன். அத்தையின் முகம் தெரியவில்லை. துணி சுற்றிய கை ஒன்றும், அவர் குரலும் மட்டும்தான்.

"அண்ணன் வந்துருச்சா?"

"பிளேன் ஏறியாச்சு மதினி" என்றார் அம்மா.

மத்தியானம் மறுபடி கேட்டார். "திருச்சியில இறங்கியாச்சு" என்றார் அம்மா. பொழுது சாய்கிற நேரத்தில் ஒருமுறை கேட்டார். "மேலூர் தாண்டியாச்சு மதினி. இந்தா, வந்துருவாக."

நானும் நம்பினேன். படியிறங்கி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, நிற்கிற ஆட்டோவையெல்லாம் பார்த்தேன். திரும்பி வந்தபோது அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அத்தை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இரண்டு மாதம் முடிந்ததும் பெரியப்பா வந்தார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. அத்தையின் அறையில் பாயை விரித்து உட்கார்ந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நெனவே திரும்பாம மறுநாளே போயிருச்சாம். வலி தெரிஞ்சிருக்காது. அம்புட்டுதான் எனக்கு ஆறுதல்."

பக்கத்தில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாகச் சொல்கிறாரே என்று இருந்தது. அத்தை அவரை எவ்வளவு தேடினார் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தேன்.

"மறுநாள் இல்ல பெரியப்பா, மூணாம் நாள். நல்லா நெனவு இருந்துச்சு. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக. நீங்க மேலூர் தாண்டிட்டீகன்னு அம்மா சொன்னாக. அதுக்கப்புறம்தான் கேக்கல."

 பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். காகிதம் கிடைக்கவில்லை என்று பெரியப்பா போனில் அழுத இரண்டாம் நாளே, எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். அத்தைக்கு அப்போது உயிர் இருந்தது. அண்ணன் அங்கே கிடந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

"மேலூரா?" என்று பெரியப்பா என்னிடம் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அப்பாவோடு சண்டையும் போடவில்லை, பேசவும் இல்லை. பத்தாம் நாள் பெட்டியைக் கட்டினார். அப்பா அதைப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் தலையில் சுமந்துபோனார். பெரியப்பா என் கன்னத்தைத் தொட்டு, "படி தாயி" என்றார். அதன்பின் அவர் இந்தியாவுக்கு வரவே இல்லை.

எதற்காக இவ்வளவு சீக்கிரம் போகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். "விசா முடிஞ்சு போச்சு" என்றார் அம்மா. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடமெல்லாம் நானும் அதையே சொன்னேன். சர்க்கார் என் பெரியப்பாவை எங்கள் வீட்டில் இருக்க விடவில்லை என்று, கொஞ்சம் பெருமையாகக்கூட.