கொடியில் காய்ந்த பிலிம்

அப்பா இறப்பதற்கு முன் நான் இரவல் கமராவில் எடுத்த அவருடைய படங்கள் ஒரேயொரு பிலிம் சுருளில்தான் இருந்தன. எங்கள் பக்கத்தில் பிலிம் கழுவ ஆளில்லை. கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். மாரி வெள்ளத்தில் ரயிலும் நின்றுவிட்டது. எரிச்சலோடு காத்திருந்தேன்.

வெயில் எறித்த முதல் நாள், அப்பாவின் வேட்டிக்குப் பக்கத்தில், மேலே சுற்றியிருந்த கறுப்புத் தாள் உரித்த பிலிம் கொடியில் நீளமாகத் தொங்கியது.

"அப்பாட படம் பூஞ்சணம் புடிச்சிரும் எண்டு காயப்போட்டன் மகன்," என்றார் அம்மா.

வெளிச்சம் பட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று கத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். ரயில் ஓடத் தொடங்கியதும், அதையே மறுபடி சுருட்டிக் கொழும்புக்கு அனுப்பினேன். முழுக்கக் கறுத்துத் திரும்பி வந்தது.

"கொழும்பான் நாசமாக்கிப்போட்டானே!" என்று அம்மா மண் அள்ளித் தூற்றினார்.

அடக்கிவைத்த கோபமெல்லாம் தீருமட்டும், முகம் தெரியாத அந்த மனிதனை நானும் சேர்ந்து திட்டினேன்.